தால்வின் படகேறியதற்கு நான் கொடுத்த சம்மதம்

1

என் மகன் குமரன் அடுத்த மாதம் மலேசியக் குடியுரிமையைத் துறந்து சிங்கப்பூர்க் குடிமகனாகப் போகிறான். அதற்கு நான் எழுத்துமூலம் சம்மதம் கொடுத்திருக்கிறேன். கொடுத்தபோது ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுதுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்கக் கொஞ்சம் பின்னணி வேண்டும். நான் மன்னார்குடிக்காரன். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்கு வந்து இந்த மாதத்தோடு முப்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே ரெங்கம் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட அலுவலகத்தில் எழுத்தராகத் தொடங்கி, ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையின் நிர்வாக அதிகாரியாக ஓய்வு பெற்றேன். அதிகாரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். படிவம் நிரப்புவதுதான் வேலை. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் வேலை அனுமதி, புதுப்பித்தல், ரத்து, தொலைந்த பாஸ்போர்ட், இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்புதல். எதற்கு எத்தனை நகல், எந்தக் கவுண்டரில் வெள்ளிக்கிழமை கூட்டம் குறைவு, எந்த அதிகாரி நீல மையில்தான் கையெழுத்து வேண்டும் என்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இன்றும் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், யாருக்காவது பிறப்பு, இறப்பு, திருமணம் எது நடந்தாலும் முதல் பந்தி எனக்குத்தான். சாப்பாட்டுக்கு அல்ல, படிவத்துக்கு.

எங்கள் வீட்டில் ஆட்களை அடையாள அட்டையின் நிறத்தால் பிரிக்கலாம். மனைவி சரோஜா ரெங்கத்தில் பிறந்தவள். நீல அட்டை, குடிமகள். இங்கே பிறந்த குமரனுக்கும் நீலம். எனக்குச் சிவப்பு, நிரந்தரவாசி. நிரந்தரவாசி என்ற சொல்லில் நிரந்தரம் எதுவும் இல்லை என்பதை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் தெரிந்துகொள்கிறேன். பாஸ்போர்ட் இன்னும் இந்தியாதான். குமரன் பத்து வருடங்களாகச் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். கட்டிக்கொண்டதும் அங்கே பிறந்த பெண்ணை. அவர்களுடைய மகன் ஆதவனுக்கு ஐந்து வயது. தொலைபேசியில் என்னைத் ‘தாத்தா’ என்று அழைக்கிறான், அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஆங்கிலம்.

ஆக, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம் என் மகன், இந்தப் பக்கம் நாங்கள். கார் நெரிசல் இல்லாவிட்டால் நாற்பது நிமிடம். நெரிசல் இல்லாத நாளை நான் இதுவரை பார்த்ததில்லை.

2

தொடரின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘மூடுபனித் துறை’ என்று வரும். டிராகன், வாள், மந்திரக்காரி எல்லாம் உண்டு. ஓய்வு பெற்ற மனிதன் பார்க்கக்கூடிய விஷயமல்ல. குமரன்தான் ஆரம்பித்து வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு அவன் அங்கே போடுவான், நான் இங்கே போடுவேன். தொலைபேசியை இருவரும் ஒலிபெருக்கியில் வைத்துக்கொள்வோம். பேசுவது கிடையாது. அவன் முறுக்கு கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும், என் இருமல் அவனுக்குக் கேட்கும்.

முடிந்ததும் நான் ஒரு குறிப்பு எழுதி அனுப்புவேன். பத்தி எண் போட்டு. முப்பது வருடப் பழக்கம், விடவில்லை. அவன் எழுத மாட்டான். குரல் பதிவாகப் பதில் அனுப்புவான். “பத்தி ஒண்ணுக்குப் பதில், ஓக்கேப்பா. பத்தி மூணு, நீங்க தப்பு லா.” இப்படி. மற்ற அப்பாக்களும் மகன்களும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஏழு வருடம் இப்படித்தான் பேசிக்கொண்டோம். சரோஜா சொல்வாள்: “அப்பனும் புள்ளையும் ஆபீஸ் நடத்துறாங்க.”

கதாநாயகன் தால்வின். அவனை எனக்குப் பிடித்துப் போனதற்குக் காரணம் வீரம் அல்ல. கடல் நடுவே ஒரு பாறை. பாறைமேல் ஒரு விளக்கு. பனி இறங்கும்போது கடலிலிருந்து நிழல்மிருகங்கள் வரும். விளக்கு எரிந்தால் அவை கரைக்கு வராது. தால்வின் அந்த விளக்கின் காவலன். பாறையை விட்டு இறங்குவதில்லை என்று சத்தியம் செய்தவன். அரசன் தளபதிப் பதவி கொடுத்தான், வேண்டாம் என்றான். தங்கைக்குக் கல்யாணம், போகவில்லை. ஒவ்வொரு இரவும் எவ்வளவு எண்ணெய் ஊற்றினான், காற்று எந்தத் திசை, என்ன கப்பல் போயிற்று என்று ஏட்டில் எழுதி வைத்தான். வாள் பிடிக்கிற நாயகர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதிவேடு எழுதுகிற நாயகனை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

தொடரின் மூன்றாம் பருவத்தில் தால்வினின் தாய் சாகக் கிடக்கிறாள். அழைத்துப் போகக் கப்பல் வருகிறது. “இரண்டு இரவு நான் விளக்கைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா” என்கிறான் கப்பல் தலைவன். தால்வின் போகவில்லை. அந்த இரவு முழுக்க விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான். அன்று நான் குறிப்பு எழுதவில்லை. குமரன் மறுநாள் கேட்டதற்குக் கண் வலி என்றேன்.

3

கடைசி அத்தியாயத்தில் தால்வின் பாறையை விட்டுப் போய்விட்டான். போர் முடிந்து ஒரு வருடம். பனி இன்னும் இறங்குகிறது, ஆனால் முன்போல இல்லை. அடுத்த காவலாளியாக ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளிடம் சாவியைக் கொடுத்தான், ஏட்டைக் கொடுத்தான். படகில் ஏறி, யாருக்கும் அவனைத் தெரியாத தெற்குத் தீவுகளைப் பார்த்துப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. இசை. பெயர்கள் ஓடின.

பத்து நிமிடத்தில் என் குறிப்பு தயார்.

பத்தி ஒன்று: ஏழு பருவங்களாகப் பாறையை விட்டு இறங்காதவன் எட்டு நிமிடக் காட்சியில் இறங்குவது அவன் குணத்துக்கு ஒவ்வாது. பத்தி இரண்டு: தாய்க்காக இறங்காதவன் தனக்காக இறங்குவது அதைவிட ஒவ்வாது. பத்தி மூன்று: காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. பத்தி நான்கு: எழுதியவர்களுக்கு அலுத்துப்போயிருக்கிறது, அதனால் அவனைப் படகில் ஏற்றிவிட்டார்கள்.

குமரனின் பதில் உடனே வரவில்லை. மறுநாள் மதியம் வந்தது. ஆறு நிமிடக் குரல் பதிவு. அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

“அப்பா, பத்தி ரெண்டுதான் மெயின். அம்மா சாகும்போது அவன் போகாதது கடமைக்காக இல்லப்பா. நல்லா யோசிச்சுப் பாருங்க. எண்ணெய் இருந்துச்சு. ஆள் இருந்துச்சு. கேப்டன் நான் பாத்துக்கறேன்னு சொன்னாரு. ரூல்ஸ்லகூட ரெண்டு நாள் இறங்கலாம்னு ஒரு இடத்துல வரும், ரெண்டாவது சீசன்ல. அவன் பயந்துட்டான். போனா அங்கேயே இருன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அதுக்கு விளக்க ஒரு சாக்கா வச்சிக்கிட்டான். அப்புறம் நாலு சீசன் அந்தச் சாக்கக் காப்பாத்திக்கிட்டே இருந்தான். கடைசியில அவனுக்குத் தைரியம் வந்துச்சு, அவ்ளோதான். எனக்கு அந்த முடிவு கரெக்ட்டா பட்டுச்சு.”

நான் அதை மூன்று முறை கேட்டேன். சரோஜா சமையலறையிலிருந்து, “என்னங்க, அவன் குரலு ஒரு மாதிரி இருக்கே, சளி புடிச்சிருக்கா?” என்றாள். இல்லை என்றேன்.

4

இதை யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் படிப்பவர்களில் என் உறவினர்களும் இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும்.

நான் வந்த மூன்றாம் வருடம் அப்பா இறந்தார். தோட்ட அலுவலகத்துக்குத்தான் தகவல் வந்தது, முற்பகலில். என் பாஸ்போர்ட் அப்போது என்னிடம் இல்லை. வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. அதுதான் நான் ஊருக்குச் சொன்ன காரணம். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். பாவம், பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டது, பிள்ளை என்ன செய்வான் என்று.

பிள்ளை என்ன செய்யலாம் என்பது பிள்ளைக்குத் தெரியும். அவசரத்துக்குத் திரும்பப் பெற வழி உண்டு. முதலாளியின் கடிதம், மரணத் தகவல், விண்ணப்பத்தின் ரசீது. மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையில் முதல் ஆளாகக் கவுண்டரில் நின்றால் அன்றைக்கே கைக்கு வந்துவிடும். ஆறு மாதம் முன்புதான் ஒரு லாரி ஓட்டுநருக்கு நானே அப்படி வாங்கிக் கொடுத்திருந்தேன். அவர் தாயின் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

எனக்காக நான் எழுதியது சாதாரண விண்ணப்பம். மற்ற சாதாரண விண்ணப்பங்களின் கட்டோடு போய்ச் சேர்ந்தது. பதில் வர ஆறு நாள் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சரோஜா அப்போது ஆறு மாதக் கர்ப்பம். ஊருக்குப் போய், அங்கே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “போதும், இனி இங்கேயே இரு” என்று சொன்னால் என்னால் மறுக்க முடியாது என்று தெரியும். மறுக்காவிட்டால் சரோஜாவையும் வயிற்றிலிருந்த குழந்தையையும் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சாதாரண விண்ணப்பம் மிக வசதியாக இருந்தது. நடைமுறையைப் பின்பற்றினேன், யாராலும் குறை சொல்ல முடியவில்லை. நடைமுறையின் பெரிய பயன் அதுதான்.

வயிற்றிலிருந்த குழந்தைதான் குமரன். அவனுக்கு இது தெரியாது. தெரியாமல், கதை எழுதியவர்களுக்கே ஒருவேளை தெரியாத தால்வினைப் பற்றி ஆறு நிமிடம் பேசி, என் கோப்பைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டான்.

5

பத்தி இரண்டைப் பற்றி நான் வாதாட முடியாது. வாதாடினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்திலும் காட்டிக்கொடுக்கும், என் எழுத்தைச் சின்ன வயதிலிருந்து படித்தவன் அவன். அதனால் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். வேறு கவுண்டருக்குப் போனேன்.

மறுபடி ஒரு குறிப்பு எழுதினேன். “உன் விளக்கத்தைப் பரிசீலித்தேன். அவன் மனத்தில் என்ன இருந்தது என்பது நமக்குத் தேவையில்லை. நடைமுறையை மட்டும் பார்க்கலாம். சாவியை ஒப்படைத்திருக்கிறான். பதிவேட்டை ஒப்படைத்திருக்கிறான். புதிய ஆள் விளக்கு ஏற்றியதைக் கண்ணால் பார்த்த பிறகே படகேறியிருக்கிறான். பொறுப்பை முறையாக ஒப்படைத்துவிட்டுப் புறப்படுபவனை யாரும் தடுக்க நியாயமில்லை. ஆகவே முடிவு பொருத்தமே. என் முந்தைய குறிப்பின் நான்கு பத்திகளையும் திரும்பப் பெறுகிறேன்.”

ஏழு வருடத்தில் நான் ஒரு குறிப்பைத் திரும்பப் பெற்றது அதுவே முதல்முறை. அவனிடமிருந்து ஒரே வரி வந்தது. “தேங்ஸ்ப்பா. ரொம்ப தேங்ஸ்.”

ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு இரண்டு நன்றி அதிகம் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் இரண்டு முறை நன்றி சொன்னால், அவர் கொண்டுவந்த கடிதத்தை மறுபடி ஒருமுறை படிப்பேன். அந்த எச்சரிக்கை வீட்டில் வேலை செய்யவில்லை.

6

அடுத்த சனிக்கிழமை குமரன் வந்தான். தனியாக. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. சாப்பிட்டு முடித்ததும் அதை மேசையில் வைத்தான்.

“என்னடா அது?”

“பர்த் சர்ட்டிபிகேட் ஒரிஜினல் வேணும்ப்பா. உங்ககிட்டதானே இருக்கு. சிங்கப்பூர்ல சிட்டிசன்ஷிப் அப்ரூவல் வந்துடுச்சு. இங்க உள்ளத விடணும். அடுத்த மாசம் அப்பாயின்ட்மென்ட்.”

நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“ரெண்டு மாசமா தெரியும். நீங்களா ஒத்துக்கிட்டா நல்லதுன்னு இருந்தேன். அதான் ஒத்துக்கிட்டீங்களே.”

“நான் எங்க ஒத்துக்கிட்டேன்?”

குமரன் தொலைபேசியை எடுத்து என் குறிப்பைக் காட்டினான். “பொறுப்பை முறையாக ஒப்படைத்துவிட்டுப் புறப்படுபவனை யாரும் தடுக்க நியாயமில்லை. நீங்க எழுதினதுதானேப்பா? உங்ககிட்ட நேரா எப்படிக் கேக்குறதுன்னு தெரியாமதான் அவ்ளோ நேரம் பேசினேன். நீங்க புரிஞ்சிக்கிட்டு பதில் போட்டீங்கன்னு நெனைச்சேன்.”

நான் புரிந்துகொள்ளவில்லை. ஆறு நிமிடம் அவன் தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறான். நான் என்னைப் பற்றி என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“அது தால்வினுக்கு எழுதினது” என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

“சரி, எனக்கு எழுதியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பீங்களா?”

தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னேன். “குமரா, எனக்குத் தெரிஞ்ச எல்லாப் படிவத்துக்கும் மேல்முறையீடு உண்டு. இதுக்குக் கிடையாது. கொடுத்தா கொடுத்ததுதான். மாடியில உன் ரூம் அப்படியேதான் இருக்கு. ஓய்வு காலத்துல வந்து இருப்பேன்னு சொன்னியே.”

“வருவேன்ப்பா. விசிட்டரா வருவேன். எல்லாரும் அப்படித்தானே வர்றாங்க.”

சரோஜா சமையலறை வாசலில் நின்றாள். “நீங்க ஒங்க ஊர விட்டுட்டு வந்தவருதானே? அவன் போனா மட்டும் என்னவாம்? நாற்பது நிமிசம்.”

“நான் பாஸ்போர்ட்ட விடல.”

“விடாம என்ன கண்டீங்க?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பருப்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலச் சொன்னாள்.

குமரன் கோப்பின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். பிறகு சொன்னான்.

“எனக்கு எட்டு வயசு இருக்கும். சிங்கப்பூர் ஜூவுக்குப் போனோம், ஞாபகம் இருக்கா? பார்டர்ல நானும் அம்மாவும் ஒரு வரிசை. நீங்க வேற வரிசை. நாங்க வெளிய வந்துட்டோம். நீங்க வரவே இல்ல. ஒரு மணி நேரம். அப்பாவ உள்ளயே புடிச்சி வச்சிக்கிட்டாங்கன்னு நான் அழுதேன். இப்ப ஆதவனும் அவங்கம்மாவும் ஒரு பக்கம் போறாங்க. நான் இன்னொரு பக்கம். போன மாசம் அவன் கேக்குறான், வை இஸ் டாடி எ ஃபாரினர்னு. என் வீட்டுல நான் மட்டும் வெளிநாட்டுக்காரன்ப்பா. அது எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டாம். அந்த வரிசையில் எந்தத் தரை ஓட்டில் விரிசல் இருந்தது என்பதுகூட எனக்குத் தெரியும்.

இரும்பு அலமாரியைத் திறந்தேன். வேறொருவர் வீடாக இருந்தால் சான்றிதழ் கிடைக்கவில்லை, தேட வேண்டும், அடுத்த வாரம் வா என்று சொல்லலாம். என் வீட்டில் எதுவும் தொலைந்ததாக நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மூன்றாவது தட்டு, பச்சைக் கோப்பு, ‘கு’ என்று ஒட்டிய உறை. அரை நிமிடம்கூட ஆகவில்லை. வாழ்நாள் முழுக்க ஒழுங்காக இருந்ததன் பலன்.

உறையைக் கொடுக்கும் முன் ஒன்று சொல்ல நினைத்தேன். கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தால்வின் படகேறியது அவன் குணத்துக்குப் பொருந்தியது. பொருந்தாமல் இருந்தது, தாய் சாகும்போது அவன் பாறையில் தங்கியதுதான். ஏழு பருவத்தில் ஒரே ஒரு இரவு அவன் தால்வினாக இல்லை. அதைத்தான் நான் அவனுடைய பெருமை என்று நினைத்துப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

“குமரா, பத்தி ரெண்டுல நீ சொன்னது சரி.”

“எதுப்பா?”

“பயம்னு சொன்னியே. பயம்தான். எண்ணெய் இருந்துச்சு, ஆள் இருந்துச்சு. போயிருக்கலாம்.”

அவன் என் தோளைத் தட்டினான். “அட விடுங்கப்பா. ஷோதானே. அதையே நெனச்சிக்கிட்டு.”

என் வாய்ப்பு அவ்வளவுதான். இன்னொரு முறை அந்தக் கவுண்டருக்குப் போகத் தெம்பில்லை.

அவன் கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்தான். “நீங்க முறைப்படின்னு சொன்னீங்கல்ல. அதுக்குதான் இது.”

ஒப்படைப்புப் பட்டியல். பள்ளியில் மாணவர் தலைவனாக இருந்து விலகும்போது அவனுக்கு நான் கற்றுக்கொடுத்த அதே வடிவம். வரிசை எண், பொருள், நிலை, குறிப்பு. தண்ணீர், மின்சாரக் கட்டணங்கள் இனித் தானாகப் போய்விடும். வீட்டுப் பத்திரம் எந்தத் தட்டில். காரின் சாலை வரி எப்போது. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை, கிளினிக் நாள். எல்லாம் சரியாக இருந்தது. ஐந்தாவது வரிசையில்: ‘அப்பா. வலது முழங்கால், இடது கண். பக்கத்து வீட்டு ரவி மருத்துவமனைக்கு அழைத்துப் போவார், பேசியாயிற்று.’

நூற்றுக்கணக்கான ஒப்படைப்புப் பட்டியல்களைச் சரிபார்த்திருக்கிறேன். நானே பொருளாக அதில் இடம்பெற்றது இதுவே முதல்முறை.

கீழே இரண்டு கோடுகள். ஒப்படைத்தவர் என்ற இடத்தில் குமரன் கையெழுத்துப் போட்டிருந்தான், நீல மையில். பெற்றுக்கொண்டவர் என்ற இடம் காலியாக இருந்தது.

“இதுல யாருடா கையெழுத்து போடணும்?”

“நீங்கதான்ப்பா. வேற யாரு?”

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். தேதியும் எழுதினேன். அவன் சான்றிதழைக் கோப்பில் வைத்து மூடினான். சரோஜா அவனுக்குக் கட்டிக்கொடுக்க ஊறுகாய் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் புறப்படும் முன் தாளை இன்னொரு முறை பார்த்துவிட்டு, “அப்பா, அஞ்சாவது வரிசைல ‘நிலை’ நிரப்பாம விட்டுட்டேன். என்ன எழுத?” என்று கேட்டான்.

காலியான கட்டத்தோடு எந்தத் தாளும் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை.

“அப்படியே இருக்கட்டும்” என்றேன்.